கெட்டிப்பட்ட நாடி: சிறுநீரகம், தமனி, ஈயம் குறித்து ஒரு வரலாற்று வாசிப்பு

1

எண்பதுகளின் கடைசியில் மதுரையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினோம். ஏழு இதழ்கள் வந்தன. பிறகு வழக்கம்போலப் பணமில்லாமலும் ஒருவரோடொருவர் முறைத்துக்கொண்டும் அது நின்றுபோனது. அந்த ஏழு இதழ்களையும் எழுத்து எழுத்தாகக் கோத்துக் கொடுத்தவர் ஒரு கம்பாசிட்டர் அண்ணன். அமைப்பியல், சொல்லாடல், கட்டவிழ்ப்பு என்று நாங்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் கேஸிலிருந்து ஈய எழுத்துகளாகப் பொறுக்கி, ஸ்டிக்கில் அடுக்கி, கேலியில் ஏற்றிப் புரூஃப் போட்டுத் தருவார். "தம்பி, இந்த ஃபாரத்துக்கு 'ற்' தீந்துபோச்சு. அடுத்த கட்டுரையில 'ற்' கொஞ்சம் கொறச்சு எழுதச் சொல்லுங்க" என்பார். நாங்கள் சிரிப்போம். அச்சானதும் மண்ணெண்ணெய் ஊற்றி எழுத்துகளைக் கழுவி, திரும்பவும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேஸில் போடுவார். அதே கறுத்த விரலோடு டீயும் பன்னும் சாப்பிடுவார். முப்பது வருஷம் இப்படி.

தொண்ணூறுகளில் டி.டி.பி. வந்தது. பிரஸ்ஸை மூடினார்கள். அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ராத்திரிக் காவலுக்குப் போனார். 2001இல் கால் வீங்கி, மூச்சு வாங்கி, போய்ப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகங்களும் பெரும்பகுதி போய்விட்டன என்றார்கள். பிரஷரும் எகிறிக் கிடந்தது. வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். சில நாள் நான் துணைக்குப் போவேன். ஒரு நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டார்:

"ஏந்தம்பி, கிட்னி கெட்டதால பிரஷர் வந்துச்சா, பிரஷர் வந்ததால கிட்னி கெட்டுச்சா? டாக்டர்ட்ட கேட்டா ரெண்டுந்தாங்குறாரு. ரெண்டும்னா என்ன அர்த்தம்? ஏதாவது ஒண்ணு மொதல்ல வந்திருக்கணும்ல?"

என்னிடம் பதில் இல்லை. அவரே தொடர்ந்தார். "கருவாடும் ஊறுகாயும் தின்னதாலதான் வந்துச்சாம், சொல்றாங்க. கருவாட்டுக்கு இம்புட்டுப் பெரிய தண்டனையா தம்பி?"

2004இல் அண்ணன் இறந்துபோனார். அவர் கேட்டது வெறும் ஒரு நோயாளியின் புலம்பல் இல்லை என்பதும், 'எது முதலில்' என்கிற அதே கேள்வியைத்தான் ஐரோப்பிய மருத்துவம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்கப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தது என்பதும் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. விறைத்துப்போன தமனி. இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்லும் குழாய், நெகிழ்ச்சி இழந்து கெட்டிப்பட்டுப் போவது. இந்த மூன்றாவது ஆள் ஒரு காலத்தில் மேடையில் இருந்தார், பிறகு வெளியேற்றப்பட்டார், ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தார். அந்த வரவையும் போக்கையும் வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை, எனக்கே சொல்லிக்கொள்வது. நாடி என்றவுடன் 'எல்லாம் நம்ம சித்தர்களுக்கு அப்பவே தெரியும்' என்று கிளம்பிவிடுவது நமக்கு எளிது. விரலால் நாடி பிடித்துப் பார்க்கிற மரபு நம்மிடம் இருந்தது, சீனத்தில் இருந்தது, கிரேக்கத்திலும் இருந்தது. கெட்டியான நாடி என்பதை விரல்கள் எல்லா ஊரிலும் அறிந்திருந்தன. ஆனால் அந்தக் கெட்டியைச் சிறுநீரகத்தோடு சேர்த்து யோசித்தது வேறொரு இடத்தில், வேறொரு தேவையில் நடந்தது. அதைப் பழம்பெருமைக்குள் கரைத்துவிட்டால் வரலாறும் போய்விடும், அரசியலும் போய்விடும்.

2

1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் ஒரு நூலை வெளியிட்டார். உடம்பு நீர்கோத்து வீங்கிச் செத்துப்போகிறவர்கள் அந்த மருத்துவமனையின் ஏழை வார்டுகளில் நிறைய. இவர்களில் சிலரது மூத்திரத்தை ஒரு கரண்டியில் ஊற்றி மெழுகுவத்தியில் காட்டினால் முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரிகிறது. செத்த பிறகு அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. கரண்டிக்கும் கத்திக்கும் இடையே பிரைட் ஒரு கோடு போட்டார். அதிலிருந்து நூறு வருஷத்துக்கும் மேலாகச் சிறுநீரக நோய்க்கே 'பிரைட் நோய்' என்று பெயர்.

மிஷெல் ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலை நம் பத்திரிகைகளில் பலரும் பேசியிருக்கிறோம். பிணத்தைத் திறந்து பார்ப்பதன் மூலம் நோய்க்கு உடம்புக்குள் ஓர் இடம் கொடுக்கப்படுகிறது, மருத்துவப் பார்வை பிணத்திலிருந்து உயிருள்ள உடம்புக்குத் திரும்பி வருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். பிரைட் அந்தப் பார்வைக்கு அச்சு அசலான உதாரணம். நோயின் இடம் சிறுநீரகம். ஆகவே காரணமும் சிறுநீரகம்.

ஆனால் பிரைட்டின் கண்ணில் வேறொன்றும் பட்டது. 1836இல் நூறு நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து எழுதியபோது, பலரது இதயத்தின் இடப்பக்கம் தடித்துப் பெருத்திருப்பதைக் குறித்தார். வால்வில் கோளாறில்லாமலேயே பெருத்திருக்கிறது. ஏன்? கெட்டுப்போன ரத்தம் இதயத்தை நேரடியாகத் தூண்டுகிறது என்பது ஒரு விளக்கம். அல்லது அந்த ரத்தம் நுண்ணிய குழாய்களில் சரியாக ஓடாததால் அதைத் தள்ளுவதற்கு இதயம் கூடுதலாக உழைக்கவேண்டியிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டிலும் முதல் குற்றவாளி சிறுநீரகம்தான். அண்ணன் கேள்வியின் முதல் பாதிக்குப் பிரைட் சொன்ன பதில் இது: கிட்னி கெட்டதால்தான்.

இதற்குப் பிறகு கைகலப்பு. 1868இல் ஜார்ஜ் ஜான்சன், சிறு தமனிகளின் தசைச்சுவர் தடித்திருப்பதைக் காட்டி, சிறுநீரகம் கெட்டதன் எதிர்வினை இது என்றார். 1872இல் வில்லியம் கல்லும் சட்டனும் நேரெதிராகச் சொன்னார்கள். உடம்பு முழுக்க உள்ள நுண்தமனிகளைப் பிடிக்கும் நோய் இது, சிறுநீரகம் அதில் ஒரு பகுதி மட்டுமே என்றார்கள். இரு தரப்பும் நுண்ணோக்கியில் ஒரே மாதிரித் துண்டுகளைத்தான் பார்த்தார்கள். செத்த உடம்பில் எல்லாமே ஒரே நேரத்தில் இருக்கிறது. முன்னது எது பின்னது எது என்று பிணம் சொல்லாது.

3

இந்த இடத்தில் வருகிறார் ஃபிரெடெரிக் அக்பர் மஹோமெட். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

இவருடைய தாத்தா தீன் மஹோமெட் 1759இல் பாட்னாவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையோடு சிறுவனாகவே சேர்ந்து, 1784இல் அயர்லாந்துக்குப் போய், ஓர் ஐரிஷ் பெண்ணை மணந்தவர். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல், 1794இல் வந்த இவருடைய பயண நூல்தான். 1810இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்து நொடித்தார். பிறகு பிரைட்டன் கடற்கரையூரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் நடத்தி அரச குடும்பம்வரை புகழ்பெற்றார். 'ஷாம்பூ' என்கிற சொல்லோடு ஒட்டிக்கொண்ட பெயர் அவருடையது. பேரன் 1849இல் பிரைட்டனில் பிறந்தார். 1869இல் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார்.

பிரெஞ்சுக்காரர் மாரே 1860இல் செய்த கருவி ஒன்று அப்போது புழக்கத்துக்கு வந்திருந்தது. மணிக்கட்டில் கட்டினால், நாடித் துடிப்பை ஒரு நெம்புகோல் வாங்கி, புகை படிந்த காகிதத்தில் கோடாகக் கீறும். நாடிவரைவி என்று வைத்துக்கொள்வோம். மஹோமெட் மாணவராக இருக்கும்போதே இதைத் திருத்தி, நாடியின் மேல் எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் கோடு நன்றாக விழுகிறது என்று அளக்கும்படி செய்தார். அதாவது நாடியின் வடிவமும் அதன் கெட்டியும் ஒரே காகிதத்தில்.

1874இல் அவர் எழுதிய கட்டுரைதான் முதல் திருப்பம். செங்காய்ச்சல் வந்து தேறுகிறவர்களுக்குச் சிறுநீரகம் பாதிப்பது உண்டு. அவர்களின் நாடியைத் தொடர்ந்து வரைந்து பார்த்தார். மூத்திரத்தில் ஆல்புமின் வருவதற்கு முன்பே நாடி கெட்டிப்படுகிறது. கரண்டியில் எதுவும் திரியாத ஒரு கட்டம் இருக்கிறது. பிறகு 1881வரை எழுதியவற்றில் இன்னும் துணிந்து போனார். எந்தச் சிறுநீரகக் குறியும் இல்லாமல், வேலை பார்த்துக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, நம்மைப்போலவே நடமாடுகிறவர்களில் பலருக்கு நாடி வருஷக்கணக்காகக் கெட்டியாகவே இருக்கிறது. இதயமும் தமனியும் சிறுநீரகமும் பிற்பாடுதான் கெடுகின்றன என்றார். இன்று 'மிகை ரத்த அழுத்தம்' என்று நாம் அறிந்த நோயை, சிறுநீரக நோயிலிருந்து பிரித்து, அதற்கு முந்தியதாக வைத்தது இவர்தான். அண்ணன் கேள்வியின் இரண்டாம் பாதிக்கான பதில்: பிரஷரால்தான் கிட்னி.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பிணம் கதையின் கடைசி அத்தியாயத்தைத்தான் காட்டும். மஹோமெட் வாசித்தது உயிருள்ள மணிக்கட்டை. அதில் காலம் தெரிந்தது. வயதானவரின் தமனி விறைக்கும்போது கோட்டின் வடிவம் எப்படி மாறுகிறது என்றும், இளவயதிலேயே அந்த வடிவம் வருகிறவர்கள் யார் என்றும் அவரால் சொல்ல முடிந்தது. கெட்டி நாடியை உண்டாக்குபவை என்று அவர் குறித்தவற்றில் கீல்வாதம், மது, கர்ப்பகால நஞ்சு இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. ஈயம். இதற்குத் திரும்ப வருகிறேன்.

இவரை ஒரு கறுப்பு நாயகனாகத் தூக்கி வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகலாமா? முடியாது. 1882இல் இவர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். காசநோயாளிகளின் முகங்களைப் படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, அந்த நோய்க்கென்று ஒரு முகம் உண்டா என்று தேடிய ஆய்வு அது. கூட எழுதியவர் ஃபிரான்சிஸ் கால்டன். அடுத்த ஆண்டு, 1883இல், இன மேம்பாட்டியல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை உண்டாக்கினாரே, அவரேதான். ஆய்வின் முடிவு, அப்படியொரு தனி முகம் இல்லை என்பதுதான். ஆனாலும் பாட்னாக்காரரின் பேரன் கால்டனின் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற காட்சியை நாம் மறைக்க வேண்டியதில்லை. நோய்க்கு முந்திய கட்டத்தைத் தேடும் பார்வை எந்தப் பக்கமும் போகக்கூடியது. ஒருவரைக் காப்பாற்றவும் போகும், ஒருவரை ஒதுக்கிவைக்கவும் போகும்.

1884 நவம்பரில் டைபாய்டு காய்ச்சலில் மஹோமெட் இறந்தார். வயது 35.

4

அதற்குப் பிறகு நடந்தது ஒரு விசித்திரமான மறதி. 1896இல் ரிவா-ரோச்சி கையில் கட்டும் காற்றுப்பட்டையைச் செய்தார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்கோஃப், பட்டைக்குக் கீழே காதை வைத்துக் கேட்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். இன்றுவரை நம் கையில் கட்டுவது இதன் வாரிசைத்தான். புகைக்காகிதம், நெம்புகோல், கோடு எல்லாம் பரணுக்குப் போயின. நாடியின் வடிவம் போய் எண் வந்தது. உயர் அழுத்தத்துக்கு ஆல்பட் ஒரு பெயர் வைத்தார், 1911இல் ஜெர்மனியின் ஃபிராங்க் ஒரு பெயர் வைத்தார். பாடநூல்களில் அந்தப் பெயர்கள் நின்றன.

எண் வந்ததில் நன்மை இல்லாமல் இல்லை. மலிவு, சுலபம், எவரும் கற்றுக்கொள்ளலாம். கிராமத்து நர்ஸின் கைக்கு நாடிவரைவி ஒருநாளும் வந்திருக்காது, பட்டை வந்தது. ஆனால் எண்ணை முதலில் ஆசையோடு பிடித்துக்கொண்டவர்களில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. எவனுக்குப் பாலிசி கொடுக்கலாம், எவனைக் கழிக்கலாம் என்று பிரிக்க எண் வசதி.

இரண்டு எண்களிலும் கீழ் எண்தான் முக்கியம் என்று ஒரு நம்பிக்கை நிலைபெற்றது. 1967இலும் 1970இலும் வந்த புகழ்பெற்ற அமெரிக்க மருந்துச் சோதனைகள், நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததே கீழ் எண்ணை வைத்துத்தான். மேல் எண்ணா? "வயசோட நூறக் கூட்டிக்க, அதுவரைக்கும் ஏறலாம்" என்று நம் ஊரிலும் சொன்னார்கள் அல்லவா, அந்தக் கணக்கு.

இது ஏன் தவறு என்று புரிந்துகொள்ளத் தமனியின் வேலையைப் பார்க்க வேண்டும். இதயம் விட்டுவிட்டுத் தள்ளுகிறது. ரத்தமோ உறுப்புகளுக்கு விடாமல் ஓட வேண்டும். இடையில் நின்று இதைச் சமாளிப்பது பெருந்தமனி. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் விரிந்து ரத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, இதயம் ஓய்கிற நேரத்தில் சுருங்கி மெல்ல அனுப்புகிறது. கிணற்று மோட்டாரில் ரப்பர் ஓஸ் மாட்டினால் தண்ணீரின் குத்தலை ஓஸ் வாங்கிக்கொள்ளும். இரும்புக் குழாய் மாட்டினால் குத்தல் அப்படியே முனைவரை போகும். பெருந்தமனி விறைத்துவிட்டால் துடிப்பின்போது அழுத்தம் எகிறும், ஓய்வின்போது தாங்க ஆளில்லாமல் விழும். மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். கீழ் எண்ணை மட்டும் பார்க்கும் மருத்துவத்துக்கு இந்த மனிதர் குணமாகிக்கொண்டே வருவதாகத் தோன்றும்! 1991இல்தான், அறுபது வயதுக்கு மேற்பட்ட 4,736 பேரிடம் நடத்திய சோதனை, மேல் எண் மட்டும் ஏறியவர்களுக்கு மருந்து கொடுத்தாலும் பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. அதுவரை வயதுக் கணக்கில் கழித்துவிடப்பட்டவர்கள் எத்தனை பேர்?

5

விறைத்த தமனி திரும்பி வந்த வழி சிறுநீரகம். இதுதான் எனக்கு ஆச்சரியம்.

நாடியலை தமனிச் சுவரில் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு விறைப்பு என்கிற இயற்பியல் புதிது அல்ல. 1808இல் தாமஸ் யங் அலையின் வேகத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். 1922இல் பிராம்வெல்லும் ஹில்லும் மனிதர்களிடம் அளந்து, வயது ஏற ஏற வேகம் கூடுவதைக் காட்டினார்கள். இளைஞர் ஒருவரின் பெருந்தமனியில் அலை நொடிக்கு ஐந்தாறு மீட்டர் போகும். பத்து மீட்டரைத் தாண்டினால் விறைப்பு என்பது இன்றைய கணக்கு. இந்த அறிவு பல பத்தாண்டுகள் ஆய்வகத்தில் கிடந்தது.

டயாலிசிஸ் வந்த பிறகு ஒரு புதிய வகை மனிதர்கள் உருவானார்கள். சிறுநீரகம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள். அவர்கள் சிறுநீரகத்தால் சாகவில்லை, பெரும்பாலும் இதயத்தால் செத்தார்கள். 1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீடு அதிர்ச்சியானது. டயாலிசிஸில் இருக்கும் முப்பது வயதுக்காரர் இதய நோயால் சாகும் விகிதம், பொதுமக்களில் எண்பதைத் தாண்டியவர்களின் விகிதத்தோடு ஒத்திருந்தது. ஐம்பது வருஷத்தை யாரோ களவாடியிருக்கிறார்கள்.

பாரிஸில் ஜெரார் லண்டனும் அவர் கூட்டாளிகளும் டயாலிசிஸ் நோயாளிகளின் நாடியலையை அளந்தார்கள். 1999இல் 241 பேரைப் பற்றி எழுதினார்கள். பெருந்தமனி எவ்வளவு விறைத்திருக்கிறதோ அவ்வளவு சாவு. 2001இல் 150 பேரைப் பற்றி எழுதியது இன்னும் கூர்மையானது. மருந்தால் எண் இறங்கியும் அலையின் வேகம் குறையாதவர்கள் அதிகம் செத்தார்கள். எண் கீழ்ப்படிந்தது, தமனி கீழ்ப்படியவில்லை.

ஏன் விறைக்கிறது? சிறுநீரகம் கெட்டால் பாஸ்பேட்டு வெளியேறாது, ரத்தத்தில் தேங்கும். அது தமனிச் சுவரின் தசைச் செல்களைத் திசைமாற்றுகிறது. அவை எலும்புச் செல்கள் போல நடந்துகொள்ளத் தொடங்கி, சுவரிலேயே சுண்ணாம்பு படிகிறது. இப்படிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிவதை 1903இலேயே மோங்கபெர்க் விவரித்திருக்கிறார். கூடவே உப்பும் நீரும் தேங்குவது, ஓயாத அழற்சி. ஆகக் கிட்னியால் தமனி.

மறுபக்கம், தமனியால் கிட்னி. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, கைப்பிடி அளவேயான இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. வடிகட்டும் வேலைக்காக அந்த வாசல் தடையில்லாமல் அகலத் திறந்தே இருக்கிறது. மூளையும் அப்படியே. பெருந்தமனி மெத்தையாக இருக்கும்வரை இதில் ஆபத்தில்லை. விறைத்துவிட்டால் ஒவ்வொரு துடிப்பின் குத்தலும் குளோமெருலஸ் என்கிற நுண்முடிச்சுகள்வரை போய் இறங்குகிறது. நாளுக்கு லட்சம் குத்து. 2005இல் ஓரூர்க், சஃபார் இருவரும் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். இதே ஓரூர்க்தான் 1992இல் மஹோமெட்டின் பழைய வரைகோடுகளைத் தூசி தட்டி எடுத்து மருத்துவ உலகின் முன் வைத்தவர். மணிக்கட்டுக் கோட்டிலிருந்து பெருந்தமனியை வாசிக்கும் இன்றைய கணினிக் கருவிகளுக்கு 1870களின் அந்தப் புகைக்காகிதம்தான் முன்னோடி என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இதை எல்லாம் மூடிய கதையாக நான் சொல்லிவிடக் கூடாது. 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள 2,795 பேரில், நாடியலை வேகம் கூடியவர்களுக்குச் சிறுநீரகம் முற்றாகச் செயலிழப்பதும் மரணமும் கூடுதலாக இருந்தன. வேறு சில ஆய்வுகளில் ரத்த அழுத்தத்தையும் ஆல்புமினையும் கணக்கில் எடுத்த பிறகு இந்தத் தொடர்பு மெலிந்துபோகிறது. தமனியைத் தனியாக இளகவைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மருந்து என்று நிலைநாட்டப்பட்ட எதுவும் இல்லை. அழுத்தத்தைக் குறைப்பது, ஆல்புமினைக் குறைக்கும் மருந்துகள், அண்மை ஆண்டுகளில் வந்த சர்க்கரை நோய் மருந்து வகை ஒன்று: இவைதான் சிறுநீரகம் கெடும் வேகத்தை மட்டுப்படுத்துவதாகக் காட்டப்பட்டவை.

6

இப்போது அண்ணனிடம் திரும்புவோம். "ஏதாவது ஒண்ணு மொதல்ல வந்திருக்கணும்ல?"

டாக்டர் சொன்னது தப்பில்லை. ரெண்டும்தான். அது ஒரு வட்டம். ஒன்று மற்றதைக் கெடுத்துத் தன்னையும் கெடுத்துக்கொள்கிறது. ஆனால் 'வட்டம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில் ஒரு தந்திரம் இருக்கிறது. உடம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்துக்கு வெளியே எவரும் பொறுப்பில்லை. அப்படியே பொறுப்பென்றால் கருவாடு தின்ற வாய்தான் பொறுப்பு. பிரைட்டும் ஜான்சனும் கல்லும் எந்த உறுப்பு குற்றவாளி என்று சண்டை போட்டார்கள். நாம் எந்த நோயாளி குற்றவாளி என்று கேட்கப் பழகியிருக்கிறோம். உப்புக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவரவில்லை, உண்டு. ஆனால் உப்பைப் பற்றி மட்டும் கேட்டவர்கள் ஒருவர்கூட அவரிடம் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே! தெரிந்ததால் கேட்கத் தோன்றவில்லை.

அச்செழுத்து ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றின் கலவை. பெரும்பகுதி ஈயம். விரலில் ஒட்டும், தூசியாகும், டீயோடு உள்ளே போகும். உள்ளே போன ஈயம் எலும்பில் குடியேறிப் பத்து இருபது வருஷம் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குக் கசியும். 1859இலேயே ஆல்ஃபிரட் காரட், ஈயத்தோடு புழங்கும் பெயின்டர்களுக்கும் குழாய்த் தொழிலாளர்களுக்கும் கீல்வாதம் வருவதைக் கவனித்தார். அடுத்த தலைமுறையில் மஹோமெட் கெட்டி நாடியின் காரணங்களில் ஈயத்தைச் சேர்த்தார். 2003இல் தைவானிலிருந்து வந்த ஓர் ஆய்வு, தொழிலில் ஈயமே தொடாத சாதாரணச் சிறுநீரக நோயாளிகளிடம்கூட, உடம்பில் தேங்கிய ஈயம் கூடுதலாக இருந்தால் சிறுநீரகம் வேகமாகக் கெடுவதையும், அந்த ஈயத்தை மருந்தால் வெளியேற்றினால் வேகம் குறைவதையும் காட்டியது. அண்ணன் அப்போது உயிரோடு இருந்தார்.

ஈயம்தான் அவரைக் கொன்றது என்று என்னால் சொல்ல முடியாது. அவர் ரத்தத்தில் ஈயத்தை யாரும் அளக்கவில்லை. அளந்திருந்தாலும் முப்பது வருஷத்தைப் பின்னோக்கி அளக்க முடியாது. நான் சொல்வது இதைத்தான்: அளக்கப்படாமல் போனது தற்செயல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய தொழில்நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் முதலாவதாக எழுதப்பட்டிருந்ததே ஈய நச்சுதான். ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலை. எங்கள் பத்திரிகை அச்சான பிரஸ்ஸில் முதலாளியையும் சேர்த்து நாலு பேர். சட்டத்தின் கண்ணுக்கு அண்ணன் தொழிலாளி இல்லை. ஆஸ்பத்திரியின் கண்ணுக்கு அவர் இரண்டு எண்ணும் ஒரு கிரியேட்டினினும். எங்கள் கண்ணுக்கு?

இதுதான் உறுத்துகிறது. உழைப்பு, அந்நியமாதல், உடல்மீதான அதிகாரம் என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். அதன் ஒவ்வொரு எழுத்தும் ஈயமாக ஒருவர் விரல் வழியாகப் போய்த்தான் உங்கள் கண்ணுக்கு வந்தது. 'ற்' தீர்ந்துபோச்சு என்று அவர் சொன்னபோது எங்கள் வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு எடை இருக்கிறது, அது தீரும் என்று சொன்னார். நாங்கள் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டோம். தமிழில் சிறுபத்திரிகை வரலாறு எழுதுகிறவர்கள் ஆசிரியர் பெயர், கவிஞர் பெயர், பிளந்துபோன குழுக்களின் பெயர் எல்லாம் தருகிறார்கள். கம்பாசிட்டர்களின் பெயர் எத்தனை இதழ்களில் இருக்கிறது என்று உங்கள் அலமாரியில் எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நோய்க்கு முந்திய கட்டத்தைத் தேடும் பார்வை எந்தப் பக்கமும் போகலாம் என்றேன். காப்பீட்டுக் கம்பெனிப் பக்கம் போனதைப் பார்த்தோம். சென்னையை ஒட்டிய கிராமங்களில் மருத்துவர் எம்.கே. மணியும் அவருடன் இருந்தவர்களும் இதை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். சுமார் 25,000 பேர் வாழும் பகுதியில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகப் போய், மூத்திரத்தில் சில சொட்டு அமிலம் விட்டுக் கலங்குகிறதா என்று பார்த்தார்கள், கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்தார்கள், ஆகக் குறைந்த விலை மருந்துகளைத் தந்தார்கள். 2003இல் இது பற்றி எழுதினார்கள். அந்தச் சொட்டு அமிலம் பிரைட்டின் கரண்டிக்குப் பேத்தி. ஆல்புமின் முற்றுமுன் பிடிக்க வேண்டும் என்கிற யோசனை மஹோமெட்டுடையது. டயாலிசிஸ் மெஷினோடு ஒப்பிட்டால் இதற்கு ஆன செலவு ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு ஊழியர் எண்பதுகளில் எங்கள் பிரஸ் வாசலுக்கு வந்து, எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவரை ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லியிருந்தால் போதும். கூடவே அவர் என்ன வேலை பார்க்கிறார் என்றும் எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ஈய எழுத்து போய்விட்டது. ஈயம் போகவில்லை. பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குகிற பட்டறைகளில், பெயின்ட் சுரண்டும் வேலையில், நாலு பேர் மட்டுமே இருப்பதால் எந்தப் பட்டியலிலும் வராத இடங்களில் அது இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்களின் நாடி இந்நேரம் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கலாம். நம் வாசகர்களில் சங்கங்களில் இருப்பவர்கள் உண்டு, மருத்துவ முகாம் நடத்துகிறவர்கள் உண்டு. அடுத்த முகாமில் பட்டை கட்டும்போது இரண்டு எண்களோடு மூன்றாவதாக ஒரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன வேலை, எத்தனை வருஷம்?

அந்த ஏழு இதழ்களும் என்னிடம் இருக்கின்றன. நான்காம் இதழின் 23ஆம் பக்கத்தில் ஒரு பத்தி முழுக்க 'ற்' வேறு அளவில் இருக்கும். தீர்ந்துபோனதால் வேறொரு கேஸிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். அதில் அவர் பெயர் எங்கும் இல்லை.